தர்மபுரிதான் அன்றைய தகடூர்!

சேலத்தில் இருந்து பெங்களூர் போகும் பஸ் தர்மபுரியில் நிற்கிறது. சிலர் இறங்கி டீ குடிக்கிறார்கள். மாம்பழக் காலமாக இருந்தால் ஒரு கூடை வாங்கிக் கொள்கிறார்கள். பஸ் புறப்பட்டு விடுகிறது.

அவர்கள் இறங்கி நின்ற ஊர், சுமார் 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு தலைநகரம்! அப்போது அதன் பெயர் தகடூர். அதை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி.

அதியமான் என்றதும் நெல்லிக்கனி நினைவுக்கு வரும். தின்றவர் நெடுநாள் வாழலாம் என்ற அந்த அரிய கனியை, தான் தின்னாமல் அவ்வையாருக்குக் கொடுத்தான். இது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. (இந்த அவ்வையார் வேறு, ஆத்திசூடி பாடிய அவ்வையார் வேறு. அவர் பல நூறு ஆண்டுகள் பிந்தியவர்.)

இந்த வட்டாரத்துக் கரும்பு விவசாயிகளுக்குத் தெரிய வேண்டிய சேதி ஒன்றும் உண்டு. கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டு வந்தவர்கள் அதியமானின் முன்னோர்கள் என்று புறநானூற்றில் அவ்வையார் பாடி இருக்கிறார்.

அவ்வையாரின் தூது

காஞ்சியை ஆண்ட தொண்டைமான், அதியமான்மீது படை எடுக்க எண்ணினான். அவனிடம் அவ்வையார் தூது போனார்.

தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைப் பெருமையோடு காட்டினான். வேல்களுக்கு நெய் பூசி, மாலை போட்டு, வரிசையாக வைத்து இருந்தார்கள்.

"உன் ஆயுதங்கள் அழகாக இருக்கின்றன. எங்கள் அரசனுடைய வேல்களோ முனை ஒடிந்து, கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன" என்ற பொருளில் அவ்வையார் பாடினார். புகழ்வது போல இகழ்ந்து விட்டார்!

ஆனால் வேறு திசையில் இருந்து ஆபத்து வந்தது. சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை பெரும் படையோடு வந்து தகடூரை முற்றுகை இட்டான். கோட்டை விழுந்தது. அதியமான் மார்பில் வேல் பாய்ந்து மாண்டான். அவ்வையார் கதறிப் பாடிய பாட்டு இன்றும் இருக்கிறது.

அந்தச் சேரனும் சாதாரண ஆள் இல்லை. முரசு வைக்கும் கட்டிலில் தெரியாமல் படுத்துத் தூங்கி விட்ட புலவர் மோசிகீரனாருக்கு விசிறி வீசியவன் அவன்தான்!

இந்தப் போரைப் பற்றி "தகடூர் யாத்திரை" என்று ஒரு நூல் இருந்தது. அது அழிந்து போயிற்று. சில பாடல்கள் மட்டும் மிஞ்சின.

பாறை பேசியது

"அதியமான் உண்மையிலேயே இருந்தானா? புலவர்கள் கட்டிய கதையா?" என்று கேட்டவர்கள் உண்டு. அதற்குத் தகடூரில் பதில் கிடைக்கவில்லை. வேறு ஊரில் கிடைத்தது!

திருக்கோவிலூர் பக்கத்தில் ஜம்பை என்று ஒரு கிராமம். அங்குள்ள பாறைக் குகையில், 1981-ம் ஆண்டு தொல்பொருள் துறையினர் ஒரு பழைய எழுத்தைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வரி. சதியபுதோ அதியமான் நெடுமான் அஞ்சி இந்த இருப்பிடத்தைக் கொடுத்தான் என்பது அதன் பொருள்.

ஒரு வரியில் இரண்டு புதிர்கள் தீர்ந்தன. அதியமான் இருந்தான் என்பது ஒன்று. அசோகச் சக்கரவர்த்தி தன் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சேரர் ஆகியோருடன் "சதியபுதோ" என்றும் ஒருவரைக் குறிப்பிடுகிறார். அவர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் விவாதித்தார்கள். அவர்கள் தகடூர் அதியமான்களே என்பது அன்று தெரிந்தது!

இந்த ஊரின் ராசியே அப்படித்தான். போளூர் அருகே திருமலையில், அதியமான் வழிவந்த ஒரு சிற்றரசன், தன் முன்னோன் எழினி வைத்த சிலைகளைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. அதியமான் செத்துப் பல நூறு ஆண்டுகள் ஆன பிறகும் அந்தக் குடும்பம் தகடூர்ப் பெயரை விடவில்லை!

பின்னால் நுளம்பர் என்ற கன்னட அரசர்கள் ஆண்டார்கள். ஊரின் பெயரும் தர்மபுரி என்று மாறிற்று. கோட்டைக் கோவிலுக்குப் போகிறவர்கள், தரையைத் தொடாமல் தொங்கும் தூண்களைப் பார்க்கலாம். பக்கத்தில் உள்ள காமாட்சி அம்மன் கோவிலில் குனிந்து பாருங்கள். அடிப்பகுதியில் ராமாயணக் காட்சிகள் சிறு சிற்பங்களாக உள்ளன.

தோட்டம் போட்ட துரை

1792-ல் திப்பு சுல்தானிடம் இருந்து இந்தப் பகுதி கம்பெனியார் கைக்குப் போயிற்று. நிலவரியை ஒழுங்கு செய்ய வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. 7 ஆண்டுகள் இங்கே இருந்தார். இடையில் ஜமீன்தார் இல்லாமல், சர்க்காரே விவசாயியிடம் நேராக வரி வாங்கும் "ரயத்துவாரி" முறை இங்கேதான் உருவாகியது.

மன்றோ ஊரில் ஒரு தோட்டம் போட்டார். மாற்றலாகிப் போகும்போது, பிரிய மனம் இல்லாமல் கடிதம் எழுதினார். 1820-ல் சென்னை கவர்னர் ஆனார்.

சேலம் மாவட்டத்தில் இருந்து பிரிந்து, 1965 அக்டோபர் 2-ந் தேதி தர்மபுரி தனி மாவட்டம் ஆயிற்று. 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தது.

வேடியப்பன் யார்?

இந்த மாவட்டத்தில் வயல் ஓரங்களில் கற்பலகைகள் நிற்கும். வில்லோ வாளோ ஏந்திய வீரன் அதில் செதுக்கப்பட்டு இருப்பான். சுற்றிலும் எழுத்து. மக்கள் "வேடியப்பன்" என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள்.

அவை நடுகற்கள். ஊர் மாடுகளைப் பகைவர் ஓட்டிக்கொண்டு போனபோது, மீட்கப் போய் உயிர் விட்டவர்களின் ஞாபகக் கற்கள். பல கற்கள் 1,000 ஆண்டுகளுக்கு மேல் பழையவை. ராஜாக்கள் கதையைப் புலவர்கள் பாடினார்கள். மாடு மேய்த்தவன் கதையைச் சொல்ல இந்தக் கல் ஒன்றுதான் உண்டு. சில கற்கள் துணி துவைக்கவும், வரப்புக்கு அணை கொடுக்கவும் போய்விட்டன.

தர்மபுரி அகழ்வைப்பகத்தில் சில நடுகற்களைப் பாதுகாத்து வைத்து இருக்கிறார்கள். பிள்ளைகளை அழைத்துப் போகலாம். உங்கள் நிலத்தில் எழுத்து உள்ள கல் கிடைத்தால், தேய்க்காமல், உடைக்காமல் தொல்பொருள் துறைக்குச் சொல்லுங்கள்.

கிழக்கே செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. அதில் வீரன் அருகே ஒரு நாயும் நிற்கிறது. எஜமானன் விழுந்த பிறகு கள்வர் இருவரைக் கடித்து, அவன் பக்கத்திலேயே காவல் நின்றதாம். நாயின் பெயரையும் மறக்காமல் செதுக்கி இருக்கிறார்கள்: கோவிவன்.