மனத்தை யாரிடம் திறப்பது?

பல் வலித்தால் எந்த டாக்டரிடம் போவது என்று உங்களுக்குத் தெரியும். ரவிக்கை தைக்க எந்தத் தையற்காரர், மிளகாய்ப் பொடி அரைக்க எந்த மெஷின், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க எந்த வாத்தியார் என்பதெல்லாம் நாலு பேரை விசாரித்துக் குறித்து வைத்திருப்பீர்கள். மனசே சரியில்லை என்றால் யாரிடம் போவது என்று விசாரித்து வைத்திருக்கிறோமா?

இல்லை. விசாரிப்பதற்கே சங்கோசம். "யாருக்காகக் கேட்கிறாய்?" என்று எதிர்க் கேள்வி வந்து விடுமே!

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். காலையில் டிபன், குழந்தைகளுக்கு டப்பா, மாமனாருக்கு மாத்திரை, எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் அந்த வீட்டு அம்மாளுக்கு இரண்டு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து விடுகிறது. குக்கர் எத்தனை விசில் கொடுத்தது என்று எண்ண மறந்து போகிறது. ஆசையாகப் படிக்கும் தொடர்கதையை எடுத்தால் ஒரு பக்கம் ஓடுவதில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக் கொண்டு அழுகிறாள். "என்ன, ஒரு மாதிரி இருக்கிறாய்?" என்று யாராவது கேட்டால், "ஒன்றுமில்லை, தலைவலி" என்கிறாள். அந்தத் தலைவலி எத்தனை வீடுகளில் எத்தனை வருஷமாகக் குடியிருக்கிறது என்பது நமக்குத் தெரியாதா என்ன?

"அந்தக் காலத்தில் கிணற்றடி இருந்தது, திண்ணை இருந்தது, சொல்லி அழ நாலு பேர் இருந்தார்கள். இப்போது அடுக்கு மாடி வீட்டில் எதிர்வீட்டுக்காரியின் பெயர்கூடத் தெரியவில்லை" என்று அங்கலாய்ப்பவர்கள் உண்டு. வாஸ்தவந்தான். ஆனால் கிணற்றடியில் காலையில் சொன்னது சாயங்காலத்துக்குள் தெருக்கோடிக்குப் போய்விடும் என்பதும் வாஸ்தவம் அல்லவா? கேட்பதற்குக் காது இருந்தது. கேட்டதைக் காப்பாற்ற நாக்கு இல்லை. கேட்கவும் வேண்டும், கேட்டதை வெளியே விடவும் கூடாது, நம் பக்கம் என்றோ மாமியார் பக்கம் என்றோ கட்சி சேரவும் கூடாது. இந்த மூன்றும் ஒருவரிடம் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். அதைப் பயின்று தொழிலாகச் செய்கிறவர்தான் மனநல ஆலோசகர்.

"கீழ்ப்பாக்கம்" என்ற பயம்

சென்னையில் யாரையாவது கேலி செய்ய வேண்டுமானால் "கீழ்ப்பாக்கத்துக்குப் போகிறாயா?" என்பார்கள். அந்தக் கேலிதான் பலரை வாசற்படி தாண்ட விடாமல் தடுக்கிறது. அங்கே இருக்கும் அரசு மனநல மருத்துவமனையின் சரித்திரம் 1794-ஆம் ஆண்டிலிருந்து ஆரம்பமாகிறது. 1961-இல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் ஒரு பெண்மணி. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று பெயர் பெற்ற டாக்டர் சாரதா மேனன்தான் அவர். 1978-இல் ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஓயவில்லை. 1984-இல் 'ஸ்கார்ஃப்' என்ற தொண்டு நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார். 2021 டிசம்பரில் தமது 98-வது வயதில் காலமாகும் வரை அவர் வற்புறுத்திய விஷயம், மனநோயும் மற்ற நோய்களைப் போல ஒரு நோய், அதற்கும் வைத்தியம் உண்டு என்பதே. இன்று கீழ்ப்பாக்கத்துக்கே காலையில் போய், டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கிக் கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர். கேலி பண்ணுகிறவர்களுக்குத்தான் அது தெரியாது.

யார் யார்?

கவுன்ஸிலர் என்றதும் சிலருக்கு வார்டு மெம்பர் ஞாபகம் வரும். கவுன்ஸிலிங் என்றால் எஞ்சினீயரிங் காலேஜ் ஸீட் ஞாபகம் வரும். நாம் சொல்வது அந்த இரண்டும் இல்லை. மனசு விஷயத்தில் மூன்று வகையான ஆட்கள் இருக்கிறார்கள். வித்தியாசம் தெரிந்தால் அலைச்சல் மிச்சம்.

முதலாமவர், சைக்கியாட்ரிஸ்ட் என்னும் மனநல டாக்டர். எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதிக் கொடுக்கிறவர் இவரே.

இரண்டாமவர், கிளினிகல் சைக்காலஜிஸ்ட். மருந்து தர மாட்டார். சோதனைகள் வைத்துப் பார்ப்பார். பேச்சின் மூலமாகவே சிகிச்சை செய்வார். இவர் மறுவாழ்வுக் கவுன்ஸிலில், அதாவது ஆர்.சி.ஐ.-யில், பதிவு செய்திருக்க வேண்டும். அதற்கான சட்டம் 1992-இல் வந்தது. பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை.

மூன்றாமவர்தான் ஆலோசகர். மனவியலோ சமூக சேவையோ படித்துப் பயிற்சி பெற்றவர். இவர்களில் மிகச் சிறந்தவர்கள் உண்டு. ஆனால் ஆறு வாரப் பயிற்சியோடு பலகை மாட்டியவர்களும் உண்டு. ஆகவே பலகையைப் பார்த்து மட்டும் உள்ளே போய்விடக் கூடாது.

துக்கம், குடும்பச் சச்சரவு, பயம், கோபம், தீராத கவலை, இவற்றுக்கு ஆலோசகரோ சைக்காலஜிஸ்டோ போதும். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டு, எழுந்து வேலை பார்க்கவே முடியவில்லை என்றாலோ, இல்லாத குரல் காதில் கேட்கிறது என்றாலோ மனநல டாக்டரிடம்தான் போக வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு காரியம். உங்கள் குடும்ப டாக்டரிடம் ரத்தப் பரிசோதனை செய்து கொள்ளுங்கள். தைராய்டு குறைந்தாலும், ரத்த சோகை இருந்தாலும் இதே சோர்வு, இதே அழுகை வரலாம். பிரசவமான தாய்மார்கள் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். குழந்தை பிறந்த ஒரு வாரத்தில் வரும் அழுகை தானாகவே அடங்கி விடும். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் அது வேறு. அதைக் கண்டுபிடிக்க 1987-இல் எடின்பரோவில் பத்தே கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தார்கள். இன்றும் உலகமெங்கும் அது உபயோகத்தில் இருக்கிறது. "பச்சை உடம்புக்காரி, அப்படித்தான் இருப்பாள்" என்று விட்டுவிடாமல், டாக்டரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.

பக்கத்தில் வேண்டும், ரொம்பப் பக்கத்தில் வேண்டாம்

ஆலோசனை என்பது ஒரு நாளில் முடிகிற காரியம் அல்ல. வாரத்துக்கு ஒரு தடவை, முக்கால் மணி நேரம், சில வாரங்களாவது போக வேண்டியிருக்கும். பெயர் பெற்றவர் என்று ஊரின் மறுகோடியில் இருப்பவரைத் தேடிப் போனால், இரண்டு பஸ் மாறி, பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் ஓடி வர வேண்டியிருக்கும். மூன்றாவது வாரமே "போதும்" என்று தோன்றிவிடும். அரை மணியில் போய் வரக் கூடிய ஒருவரே உத்தமம்.

ஆனால் அவர் உறவினராகவோ, உங்கள் கட்டடத்திலேயே குடியிருப்பவராகவோ, கணவரின் சிநேகிதராகவோ இருக்கக் கூடாது. மறுநாள் கல்யாண வீட்டில் பந்தியில் எதிரே உட்காரப் போகிறவரிடம் மனத்தைத் திறக்க முடியுமா?

எங்கே தேடுவது? குடும்ப டாக்டரையும், பிரசவம் பார்த்த லேடி டாக்டரையும் கேட்கலாம். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் ஆலோசகர் இருந்தால் அவரைக் கேட்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. பணச் செலவு இல்லை, கூட்டந்தான் இருக்கும். சமூக சேவை, மனவியல் கற்றுத் தரும் கல்லூரிகள் சிலவற்றில் குறைந்த கட்டணத்தில் ஆலோசனை நிலையம் நடத்துகிறார்கள். மதுரையில் 1992-இலிருந்து எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மனநலத் தொண்டு செய்து வருகிறது. வீட்டை விட்டு நகரவே முடியாதவர்களுக்கு 14416 என்ற எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை அது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

கூச்சப்படாமல் கேளுங்கள்

புடவை வாங்கப் போனால் முந்தானையைப் பிரித்துப் பார்க்காமல் வாங்குவோமா? மனத்தை ஒப்படைக்கும்போது மட்டும் ஏன் வாய் மூடிக் கொள்ள வேண்டும்? முதலில் டெலிபோனில் இந்த ஐந்தையும் கேட்டுவிடுங்கள்.

1. என்ன படித்திருக்கிறீர்கள், எங்கே பயிற்சி பெற்றீர்கள்?

2. என்னுடையதைப் போன்ற கஷ்டத்தோடு வருகிறவர்களைப் பார்த்துப் பழக்கம் உண்டா?

3. ஒரு தடவைக்கு எவ்வளவு கட்டணம், எவ்வளவு நேரம்? வர முடியாமல் போனால் என்ன செய்வது?

4. தமிழில் பேசலாமா? (இது அற்ப விஷயம் அல்ல. ஆபீஸில் இங்கிலீஷில் வெளுத்துக் கட்டுகிறவர்களுக்கும் அழுகை தாய்மொழியில்தான் வருகிறது.)

5. நான் சொல்வது யார் காதுக்காவது போகுமா?

கடைசிக் கேள்விக்கு நல்ல ஆலோசகர் தெளிவாகப் பதில் சொல்வார். சிகிச்சைக்கு வருகிறவர் சொன்னதை ரகசியமாக வைப்பது கடமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் கூறுகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் அது விலக்கு. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரிந்தால் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் சட்டம். இந்த விலக்குகளையும் சேர்த்து முதலிலேயே சொல்கிறவரை நம்பலாம்.

மூன்று தடவை போய்ப் பாருங்கள்

முதல் நாள் போனதும் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று இல்லை. "எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை" என்று சொன்னாலே போதும்; ஆரம்பமாகிவிட்டது. மனத்தைத் துன்புறுத்தும் விஷயங்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொண்டு போவதும் நல்லது.

அமெரிக்க மனவியல் அறிஞர் கார்ல் ராஜர்ஸ், ஆலோசகரிடம் இருக்க வேண்டிய குணங்களை 1957-இல் எழுதினார். நம்மை நம் இடத்திலிருந்து புரிந்து கொள்வது, நிபந்தனை இல்லாமல் மதிப்பது, வேஷம் போடாமல் இருப்பது. இவை மூன்றும் அவருடைய சாராம்சம். முதல் மூன்று தடவைக்குள் இவை இருக்கின்றனவா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். வெளியே வரும்போது துயரம் தீர்ந்திருக்காது. ஆனால் 'இவளுக்குப் புரிந்தது' என்று தோன்ற வேண்டும்.

அப்படித் தோன்றவில்லையா? வேறொருவரிடம் போங்கள். முதலில் பார்த்த ஜவுளிக் கடையிலேயே எல்லாப் புடவையும் எடுத்துவிடுகிறோமா? ஒருவர் பொருந்தவில்லை என்பதற்காக, "இதெல்லாம் எனக்குச் சரிப்படாது" என்று ஒரேயடியாக விட்டுவிடுவதுதான் பெரிய நஷ்டம்.

சில அடையாளங்களைக் கண்டால் மூன்று தடவைகூடக் காத்திருக்க வேண்டாம். "பெண்ணாய்ப் பிறந்தால் பொறுத்துத்தான் போக வேண்டும்" என்று உபதேசம் செய்கிறவர், உங்கள் கதையைக் கேட்பதை விட்டுத் தம் கதையைச் சொல்கிறவர், "பத்தே நாளில் குணமாக்குகிறேன்" என்று மொத்தப் பணத்தையும் முன்னால் கேட்கிறவர், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர், தொட்டுப் பேசுகிறவர். இவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வந்து விடுங்கள்.

வீட்டில் அடி உதை இருந்தால், அடிக்கிறவரையும் பக்கத்தில் வைத்துக் கொண்டு பேசச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அவர் எதிரில் சொன்ன உண்மைக்கு வீட்டில் விலை கொடுக்க வேண்டி வரும். முதலில் தனியாகப் பேசுங்கள். பெண்களுக்கான 181 என்ற உதவி எண்ணையும் நினைவில் வையுங்கள்.

வீட்டில் என்ன சொல்வது?

"எங்களிடம் சொல்ல முடியாதது ஊரான் ஒருவனிடம் என்ன?" என்று கணவர் கேட்கலாம். "நம் வீட்டுச் சமாசாரம் வாசல் தாண்டலாமா?" என்று மாமியார் கேட்கலாம். அவர்கள் மீது நம்பிக்கை இல்லை என்று அர்த்தம் செய்து கொள்வதால் வரும் கேள்விகள் இவை. சண்டை வேண்டாம். "சர்க்கரை வியாதிக்கு நீங்கள் டாக்டரிடம் போகவில்லையா? எனக்குத் தூக்கம் வரவில்லை, அதற்காகப் போகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். தூக்கத்தை யாரும் கேலி செய்வதில்லை. ஒரு மாதத்தில் உங்கள் முகத்தில் தெளிவு கண்டால், ஆட்சேபித்தவர்களே "இன்று போகவில்லையா?" என்று கேட்கக் கூடும்.

காத்திருக்கக் கூடாத நேரம்

'நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நல்லது' என்ற எண்ணம் தலைகாட்டுகிறதா? அப்போது மட்டும் நல்ல ஆலோசகரைத் தேடிக் கொண்டிருக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் உடனே வாய் விட்டுச் சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள். 14416-க்குப் பேசுங்கள், அல்லது அருகில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'ஸ்நேகா' அமைப்பில், எதிர்ப்புறத்தில் ஒரு தொண்டர் பொறுமையாகக் கேட்பார், எண் 044-24640050. போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயப்பட வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதி, அவரைத் தண்டிக்காமல் பராமரிக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டின் சட்டம்.

உங்களால் ஆவது

லண்டனில் சாட் வாரா என்று ஒரு பாதிரியார் இருந்தார். மனம் உடைந்தவர்கள் தம்மிடம் பேசலாம் என்று 1953-இல் அறிவித்தார். கூட்டம் சேர்ந்தது. காத்திருப்பவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, பேச்சுத் துணையாக இருக்கச் சில தொண்டர்கள் வந்தார்கள். சில நாளில் பாதிரியார் ஒரு வேடிக்கையைக் கவனித்தார். டீ குடித்துக் கொண்டே தொண்டர்களிடம் பேசியவர்களில் பலர், அவரைப் பார்க்காமலே மனப்பாரம் குறைந்து வீடு திரும்பினார்கள்! 'ஸமாரிட்டன்ஸ்' என்ற உலகப் பிரசித்தி பெற்ற இயக்கம் வளர்ந்தது அப்படித்தான்.

ஆகவே, இப்போது உங்களுக்கு ஒரு குறையும் இல்லையென்றாலும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பேட்டையில் நல்ல ஆலோசகர் யார் என்று இந்த வாரமே விசாரியுங்கள். "யாருக்காக?" என்று கேட்டால் "தெரிந்து வைத்துக் கொள்ளத்தான்" என்று சொல்லுங்கள். என்றாவது ஒரு நாள் உங்கள் சிநேகிதி, தங்கை, நாத்தனார், யாரோ ஒருத்தி "தலைவலி" என்று சொல்வாள். அவளை உட்கார வைத்து, ஒரு வாய் காப்பி கொடுத்து, குறுக்கே பேசாமல் கேளுங்கள். பிறகு அந்தப் பெயரைச் சொல்லி, "முதல் தடவை நானும் கூட வருகிறேன்" என்று சொல்லுங்கள்.