ஒரு வெள்ளிச் சீட்டுக்குப் பின்னால்

பேராக் மாநிலத்தின் தைப்பிங் மருத்துவமனையில் புறநோயாளியாகப் போகும் குடிமகன் கட்டுவது ஒரு வெள்ளி. மருத்துவரும் தாதியும் அரசு ஊழியர்கள். ஆனால் தரை துடைப்பது, விரிப்புகளைத் துவைப்பது, மருத்துவக் கருவிகளையும் கட்டடத்தையும் பராமரிப்பது, மருத்துவக் கழிவை அகற்றுவது ஆகிய ஐந்து வேலைகளும் 1997 முதல் தனியாரிடம் இருக்கின்றன.

அப்போது மலேசியாவைப் பங்கு பிரித்து மூன்று நிறுவனங்களுக்கு 15 ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது அரசாங்கம். பேராக்கும் அதற்கு வடக்கே உள்ள மாநிலங்களும் ஃபேபர் மெடிசெர்வ் வசம் போயின. இன்று அதன் பெயர் எட்ஜெண்டா மெடிசெர்வ். 2015-இல் மேலும் பத்தாண்டு ஒப்பந்தம் கிடைத்தது. தனியார் வந்தால் போட்டி வரும், செலவு குறையும் என்பார்கள். தன் வட்டாரத்தில் போட்டியே இல்லாத நிறுவனத்துக்கு விலையைக் குறைக்க என்ன அவசியம்? 1996-இல் சுமார் 143 மில்லியன் ரிங்கிட்டாக இருந்த இந்தச் சேவைகளின் செலவு, மறு ஆண்டே 468 மில்லியனைத் தாண்டியது.

அத்தனையும் லாபம் என்று சொல்லிவிட முடியாது. சேவைகள் விரிந்தன. மருத்துவக் கழிவை முறையாக எரிக்கும் ஏற்பாடு வந்தது. வட மாநிலங்களின் கழிவு தைப்பிங்கை ஒட்டிய கமுண்டிங் எரிஉலைக்கு வருகிறது. ஆனால் கழிவுக்குக் கட்டணம் எடைக் கணக்கில். சாதாரணக் குப்பை தவறி மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பைக்குள் விழுந்தால் அரசாங்கத்தின் செலவு கூடும், நிறுவனத்தின் வரவும் கூடும். இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் சிக்கனத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர் ஒருவர்தான்: பணம் கட்டுபவர்.

லாபத்துக்கு இன்னொரு வழி கூலி. முன்பு துப்புரவுப் பணியாளர் ஓய்வூதியம் உள்ள அரசு ஊழியர். தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பெண்கள் பலருக்கு அது நிலையான வேலை. இன்று அவர்கள் குத்தகைத் தொழிலாளர்கள். குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே வாழ்கிறார்கள். குத்தகையாளர் மாறும்போது பழைய சேவைக்காலம் கணக்கில் வருவதில்லை என்பது தொழிற்சங்கம் நெடுநாளாகச் சொல்லும் குறை. வேலைச் சட்டப்படி ஐந்தாண்டு கடந்தவருக்கு ஆண்டுக்கு 16 நாள் விடுப்பு, புதியவருக்கு 8 நாள். இருபது வருடம் வார்டு துடைத்தவரைப் புதியவராகப் பதிந்தால் பாதி விடுப்பு போய்விடும்.

2020 ஜூன் 2 அன்று, ஈப்போ மருத்துவமனைக்கு வெளியே இந்தத் துப்புரவுப் பணியாளர்களுக்காக மறியல் செய்த ஐவர் கைது செய்யப்பட்டார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் நோயாளி படுத்த கட்டிலைத் துடைத்த கைகளுக்காகப் பேசப் போனவர்கள் அவர்கள்.

துப்புரவு வேலையை அரசாங்கமே திரும்ப எடுத்துக்கொள்வதுதான் சரி. அதற்கு நாளாகும் என்றால், குத்தகையாளர் மாறினாலும் சேவைக்காலம் தொடரும் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதியை இப்போதே எழுதலாம். எழுதும் அதிகாரம் சுகாதார அமைச்சிடமே இருக்கிறது.