ஒன்பது ஆட்டங்களில் பச்சை பிடிக்குமா?

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில், டிராஃப்ட் எனப்படும் இளம்வீரர் தேர்வு பொதுவாக ஜூன் மாத இறுதியில் முடிந்ததும், முதலில் பெயர் வாசிக்கப்பட்ட 18 வயது இளைஞர் அக்டோபரிலேயே பனித்தளத்தில் இறங்கி அணியைத் தூக்கி நிறுத்திவிடுவார் என்ற ஆரவாரம் செய்தித்தாள்களில் எழுவது வழக்கமாகிவிட்டது. அவர் உண்மையிலேயே தயாரா என்ற கேள்விக்கு அணிகள் பெரும்பாலும் ஒன்பது ஆட்டங்களில் விடை தேடுகின்றன. 18 அல்லது 19 வயது வீரர் ஒரு பருவத்தில் பத்துக்கும் குறைவான ஆட்டங்களே ஆடியிருந்தால், அவருடைய மூன்றாண்டுத் தொடக்க ஒப்பந்தத்தில் அந்த ஆண்டு கழியாமல் தள்ளிப்போகும் என்பது விதி. ஒன்பது என்ற எண்ணைத் தந்தது இந்த ஒப்பந்தக் கணக்கே. திறனை அளக்க அது போதுமா என்று எவரும் ஆராய்ந்து அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.



ஹாக்கியில் கோல் அடித்தவருக்கும் அதற்கு வட்டைக் (பந்துக்குப் பதிலாகப் பயன்படுவது) கடத்திக் கொடுத்தவருக்கும் தலா ஒரு புள்ளி கிடைக்கும். ஓர் இளைஞரின் உண்மையான திறன் ஆட்டத்துக்கு 0.4 புள்ளி, அதாவது 82 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் ஏறத்தாழ 33 புள்ளி என்று வைத்துக்கொண்டால், ஒன்பது ஆட்டங்களில் அவரிடம் எதிர்பார்க்கத்தக்கது 3.6 புள்ளி. ஆனால் கோல் அரிதான நிகழ்வு. அரிதான நிகழ்வுகள் எத்தனை முறை நேரும் என்பதைக் கணக்கிடும் பாய்சான் பரவலின்படி, அதே இளைஞர் ஒன்பது ஆட்டங்களில் ஒரு புள்ளியோ வெறுங்கையோ பெறும் வாய்ப்பு எட்டில் ஒன்று. ஆறோ அதற்கு மேலோ பெறும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறில் ஒன்று. முன்னது நேர்ந்தால் தேறாதவர் என்பார்கள். பின்னது நேர்ந்தால், பருவம் முழுவதற்கும் பெருக்கிப் பார்த்து 55 புள்ளி எடுக்கும் நட்சத்திரம் என்பார்கள். ஆட்டக்காரரோ ஒருவரே, அவருடைய கையும் காலும் கண்ணும் மாறவேயில்லை, தற்செயல் மட்டுமே மாறியிருக்கிறது.

நாற்றங்காலிலிருந்து பிடுங்கி நட்ட நெற்பயிர் சில நாட்கள் வெளிறி வாடித்தான் நிற்கும்; அந்த வாட்டத்தைக் கண்டு எந்த உழவரும் விதையைப் பழிப்பதில்லை, பச்சை பிடிக்கட்டும் என்று காத்திருப்பார். நாற்றங்காலில் ஓங்கி நின்றதெல்லாம் வயலிலும் ஓங்குமென்று அவர் எண்ணுவதுமில்லை, ஏனெனில் அங்கே எருவும் நீரும் செழிப்பு. இளையோர் லீக்கில் குவித்த புள்ளிகளும் அத்தகையவையே: அங்கே வட்டு கையில் வந்தபின் யோசிக்கக் கிடைத்த நொடி மேல்மட்டத்தில் கிடைக்காது, எதிரில் வருபவர் உடல் முதிர்ந்த, பல பருவம் கண்ட ஆடவர். பயிர் ஊன்றியதா என்று ஐயம் வந்தால், உழவர் ஒரு குத்தை மெல்ல இழுத்துப் பார்ப்பார். புதிய வெள்ளை வேர் மண்ணைப் பற்றியிருந்தால் இலையின் நிறம் அவரைக் கலங்கச் செய்யாது.

ஹாக்கியிலும் அத்தகைய வேர் உண்டு. கோலை நோக்கிச் செல்லும் அடிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றே கோலாகிறது. ஆகவே அந்த இளைஞர் தளத்தில் இருக்கும்போது அவருடைய அணி எத்தனை முறை கோலை நோக்கி அடித்தது, எதிரணி எத்தனை முறை அடித்தது என்று எண்ணினால், கோல்களைவிடப் பல மடங்கு தரவு சேர்கிறது. எண்ணிக்கை கூடக் கூடத் தற்செயலின் ஆட்டம் அடங்குகிறது. ஒன்பது ஆட்டங்களில் இதுவும் முழுத் தீர்ப்பாகாது. ஆயினும் புள்ளிப் பட்டியலைவிட நேர்மையான சாட்சி.

1997-இல் முதலாவதாகத் தேர்வான ஜோ தார்ன்டன், பாஸ்டன் அணிக்காகத் தம் முதல் பருவத்தில் 55 ஆட்டங்கள் ஆடி ஏழே புள்ளிகள் பெற்றார். 2005–06 பருவத்தில் 125 புள்ளிகளுடன் லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் விருதை வென்றார். 2014-இல் மூன்றாவதாகத் தேர்வான ஜெர்மனியின் லியோன் டிரைசைட்டில், எட்மன்டன் அணியில் 37 ஆட்டங்களில் ஒன்பது புள்ளிகள் எடுத்த நிலையில் இளையோர் லீக்குக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். 2019–20 பருவத்தில் 110 புள்ளிகள் எடுத்து அதே விருதைப் பெற்றார். ஒருவரை வயலிலேயே விட்டுவைத்தார்கள், மற்றவரை நாற்றங்காலுக்கே திரும்ப அனுப்பினார்கள், இருவருமே விளைந்தார்கள். இந்த இரண்டு கதைகளைக் கொண்டு எந்த வழி சிறந்தது என்று விதி வகுக்க முடியாது. ஆனால் முதற்பருவத்துப் புள்ளிகளைப் பார்த்து இவர்களைக் கைவிட்டிருந்தால் இழப்பு யாருக்கு என்பது தெளிவு. 37 ஆட்டங்களும் 55 ஆட்டங்களும் சொல்ல முடியாததை ஒன்பது ஆட்டங்கள் சொல்லிவிடும் என்று நம்புவதற்குக் கணக்கில் இடமில்லை.