முயலின் தாகம்

வாயில்லா உயிர்களுள் முயலைப் போல வாயடங்கியது அரிது. நாய் குரைத்துச் சொல்லும். பூனை கத்திச் சொல்லும். ஆடு ஒருவேளைத் தழை குறைந்தாலும் தெருவைக் கூட்டிவிடும். முயலோ தன் நோயை மறைக்கும் இயல்புடையது. காட்டில் நரிக்கும் பருந்துக்கும் இரையாகும் இனம் அது. தளர்ச்சியை வெளியே காட்டிய முயல் முதலில் பிடிபடும். கூண்டில் வாழும் வீட்டு முயலும் அந்தப் பழைய பாடத்தை மறக்கவில்லை. ஆகவே அதன் உடல்நிலையை அறிய நமக்குக் கிடைக்கும் சான்றுகள் சிலவே. உண்ணும் உணவு, இடும் புழுக்கை, குடிக்கும் நீர் ஆகிய மூன்றும் அவற்றுள் தலையாயவை. மூன்றாவதைப் பற்றியது இக்கட்டுரை.

"முயல் ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது, கூண்டு எந்நேரமும் ஈரமாக இருக்கிறது, தண்ணீரைக் குறைத்தால் சரியாகிவிடுமா?" முயல் வளர்க்கும் வீடுகளில் எழும் கேள்வி இது. விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். சரியாகாது, அதனால் முயல் இறந்துபோகவும் கூடும். அது ஏன் என்பதையும், எவ்வளவு குடித்தால் ஐயுறவேண்டும், எப்போது கால்நடை மருத்துவரை நாடவேண்டும் என்பதையும் காண்போம்.

வெப்பமும் வியர்வையும்

கோலார் தங்கவயலில் பிறந்தவர்களுக்குத் தாகத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. 1880 ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கிய பின், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் குடும்பம் குடும்பமாகச் சென்று குடியேறினர். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்குச் சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டியது. அங்கே உழைத்தவரின் உடலைக் காத்தது வியர்வை. வியர்வையால் இழந்த நீரைக் குடித்து ஈடுசெய்தனர்.

முயலுக்கு அந்த வழி இல்லை. அதன் உடல் நம்மைப் போல் வியர்ப்பதில்லை. நீண்ட காதுகளில் குருதியை ஓடவிட்டும், மூச்சை விரைந்து விட்டும் அது வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. 30 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறினால் அதற்குத் துன்பம்தான். தங்கவயல் கடல்மட்டத்திற்குச் சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே இரவு குளிர்ச்சியாக இருக்கும். ஆயினும் சித்திரை வைகாசி மாதங்களில் தகரக் கூரையின் கீழ் வைத்த கூண்டு அடுப்பாகிவிடும். அந்நாட்களில் முயல் மிகுதியாக நீர் குடித்தால் அது நோய் அன்று; இயற்கை. கூண்டை நிழலுக்கு மாற்றினால் தாகமும் குறையும்.

நோயில்லாத தாகத்திற்கு வேறு காரணங்களும் உண்டு. பசும்புல்லில் பெரும்பகுதி நீரே. ஆதலால் அருகம்புல் மிகுதியாகத் தின்னும் முயல் குறைவாகக் குடிக்கும். உலர்ந்த புல்லும் கடையில் விற்கும் உருண்டைத் தீவனமும் தின்னும் முயல் மிகுதியாகக் குடிக்கும். குட்டிகளுக்குப் பாலூட்டும் தாய்க்கும் நீர் மிகுதியாக வேண்டும். சிறு கூண்டில் தனியே அடைபட்டு, பொழுது போகாமல், நீர்ப்புட்டியை நக்கிக்கொண்டே இருக்கும் முயல்களும் உண்டு.

அளந்து அறிதல்

"தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்" என்பது பழமொழி. தாகத்தைப் பொறுத்தவரையில் முயல் வளர்ப்போர் பலர் இப்படித்தான் பேசுகின்றனர். "நிறையக் குடிக்கிறது" என்பார்கள். எவ்வளவு என்று கேட்டால் சொல்லமாட்டார்கள். கால்களை எண்ணிப் பார்ப்பது போல் நீரையும் அளந்து பார்க்கவேண்டும்.

நலமுள்ள முயல், தன் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 150 மில்லி லிட்டர் வரை நீர் குடிக்கும். 2 கிலோ எடையுள்ள முயலுக்கு இது 100 முதல் 300 மில்லி லிட்டர் ஆகிறது. 60 கிலோ எடையுள்ள மனிதர் இதன் மேல்வரம்பின்படி குடிப்பதானால் நாளுக்கு 9 லிட்டர் குடிக்கவேண்டும்! எனவே முயல் இயல்பாகவே பெருந்தாகம் கொண்ட விலங்கு. நம் கண்ணுக்கு மிகுதியாகத் தோன்றுவது அதற்கு அளவாக இருக்கலாம். ஆனால் 150 மில்லி லிட்டரைத் தாண்டி, வெயிலோ தீவன மாற்றமோ காரணம் இல்லாமல், இரண்டு மூன்று நாள் தொடர்ந்து குடித்தால் ஐயுறவேண்டும். சென்ற மாதம் குடித்ததைப் போல் இரு மடங்கு குடித்தாலும் அவ்வாறே.

அளக்கும் முறை எளிது. காலையில் அளவுக் குவளையால் நீரை அளந்து கனமான மண் கிண்ணத்தில் ஊற்றுக. மறுநாள் அதே நேரத்தில் எஞ்சியதை அளந்து கழிக்க. காற்றில் ஆவியாகும் நீரையும் கணக்கிட, அதே போன்ற இன்னொரு கிண்ணத்தை முயலுக்கு எட்டாதபடி அருகில் வைத்து, அதில் குறைந்த அளவையும் கழித்துக்கொள்ளலாம். இரண்டு முயல்கள் இருந்தால் அந்த ஒரு நாளுக்கு நடுவே கம்பி வலை கட்டி, தனித்தனிக் கிண்ணம் வைக்கவேண்டும். மூன்று நாள் இவ்வாறு செய்து குறித்து வைத்தால், மருத்துவருக்கு அதைவிடச் சிறந்த உதவி வேறில்லை. வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறிப்பதும் நன்று.

நீர்ப்புட்டியைவிடக் கிண்ணமே முயலுக்கு ஏற்றது. இரண்டையும் முன்வைத்தால் முயல்கள் கிண்ணத்தையே விரும்புகின்றன என்று சூரிச் நகர அறிஞர்கள் 2011 ஆம் ஆண்டில் ஆராய்ந்து கூறினர். புட்டியிலிருந்து கிண்ணத்திற்கு மாற்றிய புதிதில் முயல் கூடுதலாகக் குடித்தால் அஞ்சவேண்டியதில்லை.

மதகு பழுதானால்

இனி நோயால் வரும் தாகத்தைப் பார்ப்போம். தங்கவயலுக்குக் குழாய் வழியே குடிநீர் தந்தது பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரி. ஓர் ஏரியின் மதகு பழுதாகி நீர் வெளியேறிக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏரி வற்றாமல் இருக்க வரத்துக் கால்வாயில் நீர் வந்துகொண்டே இருக்கவேண்டும். "நீர் வீணாகிறதே" என்று கால்வாயை அடைத்தால் மதகு சரியாகுமா? ஏரிதான் வற்றும்.

சிறுநீரகம் உடலின் மதகு. குருதியிலிருந்து அது வடித்தெடுக்கும் நீரில் பெரும்பகுதியை நுண்குழல்கள் மீண்டும் உடலுக்கே திருப்பி அனுப்புகின்றன. அக்குழல்கள் பழுதுற்றால் நீர் திரும்பாமல் சிறுநீராக வெளியேறிவிடும். உடல் வறளும், தாகம் எழும், முயல் குடிக்கும். ஆக, மிகுதியாகக் குடிப்பதால் மிகுதியாகச் சிறுநீர் கழிக்கிறது என்று நாம் எண்ணுவது பல வேளைகளில் தலைகீழான எண்ணம். மிகுதியாக நீரை இழப்பதால்தான் அது மிகுதியாகக் குடிக்கிறது. அந்நிலையில் நாம் நீரைக் குறைத்தால், கழிவுகள் குருதியிலே தேங்கி ஓரிரு நாளில் உயிருக்கே இடர் நேரும்.

முயலின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் காரணங்களுள் ஒன்று 'என்செபாலிட்டோசூன் குனிக்குலி' என்னும் நுண்ணுயிர். 1922 ஆம் ஆண்டில் ரைட், கிரெய்க்ஹெட் என்னும் இருவர் முயல்களில் இதனைக் கண்டு எழுதினர். இது சிறுநீரகத்தையும் மூளையையும் தாக்கும். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்வதும் பின்னங்கால்கள் தளர்வதும் இதன் அடையாளங்கள். நோயுற்ற முயலின் சிறுநீர் வழியே மற்ற முயல்களுக்கும் இது பரவும். நோய் எதிர்ப்பு ஆற்றல் மிகக் குன்றிய மனிதருக்கும் வரக்கூடும். ஆதலால் கூண்டைத் துப்புரவு செய்தபின் சோப்பிட்டுக் கை கழுவுதல் வேண்டும்.

சுண்ணாம்புச் சத்து மற்றொரு காரணம். உணவில் உள்ள சுண்ணாம்புச் சத்தை மற்ற விலங்குகள் தேவைக்கு ஏற்ப உறிஞ்சுகின்றன. முயலோ கிடைத்ததில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டு, மிஞ்சியதைச் சிறுநீரில் தள்ளுகிறது. அதனால்தான் நலமுள்ள முயலின் சிறுநீரும் கலங்கித் தோன்றும். அது அளவு மீறினால் சிறுநீர்ப்பையில் சேறாகப் படியும், கல்லாகவும் இறுகும். குதிரை மசால், அகத்தி, முருங்கை ஆகியவற்றில் இச்சத்து மிகுதி. வளர்ந்த முயலுக்கு இவற்றைச் சிறிதே தந்து, புல்லையே முதன்மை உணவாக்குதல் நலம்.

பல்லும் தாகத்திற்குக் காரணமாகலாம். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை மென்று தேயாவிட்டால் அவை நீண்டு நாக்கையும் கன்னத்தையும் குத்தும். வலியால் உண்ணாத முயல் நீரை மட்டும் குடித்துக்கொண்டிருக்கும். பட்டினி கிடக்கும் முயலின் தாகம் பல மடங்கு பெருகுவது உண்டு. எனவே தாகம் மிகும்போது தீவனத் தட்டையும் பார்க்கவேண்டும். மோவாய் ஈரமாக இருந்தால் அது குடித்த நீரா, வடியும் எச்சிலா என்றும் கவனிக்கவேண்டும்.

நீரிழிவு நோய் முயலுக்கு வருவது மிக அரிது. அச்சத்தாலேயே முயலின் குருதியில் சர்க்கரை உயரும். ஒருமுறை சோதித்து உயர்ந்திருந்தால் அதைக் கொண்டே நீரிழிவு என்று முடிவு கட்டலாகாது.

எப்போது மருத்துவரிடம் செல்வது?

தாகம் மட்டும் மிகுந்து, முயல் உண்டு விளையாடிக்கொண்டிருந்தால், மூன்று நாள் அளந்து பார்த்துவிட்டு அந்த வாரத்திற்குள் செல்லலாம். தாகத்தோடு எடை குறைந்தாலும், பின்புறம் எப்போதும் நனைந்திருந்தாலும், மயிர் பொலிவிழந்தாலும் மறுநாளே செல்லவேண்டும். நனைந்த தோலில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும்.

கீழ்க்காணும் நிலைகளில் அன்றைக்கே, அப்பொழுதே செல்லவேண்டும். 12 மணி நேரம் உண்ணாமலோ புழுக்கை இடாமலோ இருத்தல், முக்கியும் சிறுநீர் வராமை, சிறுநீரில் குருதி, கழுத்துச் சாய்தல், எழ இயலாமை, வாயைத் திறந்து மூச்சு விடுதல். சிவந்த சிறுநீர் எல்லாம் குருதி அன்று. தின்ற தழையின் நிறமும் சில வேளை அவ்வாறு தோன்றும். ஆயினும் அதை முடிவு செய்யும் பொறுப்பை ஆய்வுக்கூடத்திற்கு விடுவதே அறிவுடைமை. மூன்று வயது கடந்த பெண் முயலுக்குக் கருப்பைப் புற்றாலும் குருதி கசிவதுண்டு.

மருத்துவர் சிறுநீரின் அடர்த்தியைப் பார்ப்பார், குருதியில் யூரியா, கிரியாட்டினின் ஆகியவற்றை அளப்பார், கல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுப்பார், பற்களைச் சோதிப்பார். துப்புரவான தட்டிலிருந்து அன்று பிடித்த சிறுநீரையும், தாகக் குறிப்பையும், முயல் தின்னும் தீவனத்தையும் உடன் கொண்டுசெல்க. வீட்டிலுள்ள மாத்திரைகளைக் கொடுக்கலாகாது. மனிதரைக் காக்கும் பென்சிலின் வகை மருந்துகள் வாய்வழி சென்றால், முயலின் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களை அழித்து அதன் உயிரையே போக்கிவிடும்.

தங்கவயல் வீடுகளுக்கு இதில் தனி இடர்ப்பாடு ஒன்று உண்டு. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட பின், ஆயிரக்கணக்கானோர் விடியற்காலையில் மாரிக்குப்பத்திலும் பிற நிலையங்களிலும் ரயில் ஏறிப் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவில் திரும்புகின்றனர். பகலெல்லாம் முயல் தனியே இருக்கிறது. அது குடித்ததைக் கண்டவர் யாருமில்லை. இத்தகைய வீட்டில் காலையில் அளந்து வைத்த ஒரு கிண்ண நீரே காவலாள். இரவில் எஞ்சியிருப்பது அது தரும் அறிக்கை. ஊரில் உள்ள மருத்துவரால் முடியாத சோதனைகளுக்கு, பெங்களூர் ஹெப்பாளத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காற்றோட்டமுள்ள கூடையில், ஈரமான தழையோடு, வெயிலுக்கு முந்திய ரயிலில் கொண்டுசெல்வது நல்லது.

இன்னொன்றும் அவ்வூராருக்குச் சொல்லவேண்டும். பொன்னைப் பிரித்த பின் எஞ்சிய மணல், சயனைடு மேடுகளாக அங்கே குவிந்து கிடக்கிறது. அம்மேடுகளின் மேலும் ஓரத்திலும் முளைத்த புல்லை முயலுக்கு அறுத்து வரலாகாது. அங்கே தேங்கிய நீரையும் வைக்கலாகாது. நாம் குடிக்கும் நீர் எதுவோ அதுவே முயலுக்கும் உரியது.

முயலுக்கு நாம் பட்டிருக்கும் கடன் ஒன்று உண்டு. 1966 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மாரிஸ் பர்க் முதலானோர், முயலின் சிறுநீரகத்திலிருந்து நுண்குழல் ஒன்றைத் தனியே பிரித்து, அதனூடே நீரைச் செலுத்தி ஆராயும் முறையைக் கண்டனர். மனிதரின் சிறுநீரகம் நீரை எவ்வாறு காக்கிறது என்பதை மருத்துவ உலகம் விளங்கிக்கொள்ள அம்முறை பெரிதும் உதவியது. நம் தாகத்தை விளக்க உதவிய உயிருக்கு, அதன் தாகத்தை அளந்து பார்க்கும் சிறு உழைப்பையேனும் நாம் திருப்பித் தரலாம். முயல் வளர்க்கும் நண்பர்கள் இன்றே ஒரு குவளையும் ஒரு குறிப்பேடும் கூண்டருகே வைப்பார்களாக!