கட்டிலா, கட்டையா? பழைய மரச்சாமானை என்ன செய்யலாம்

இந்த எபிசோடை ஸ்டுடியோவில் பேசவில்லை. புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவிலில், அப்பத்தா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுறேன். பாறையைக் குடைந்த சிவன் கோயிலும், சக்கரமும் குதிரையும் செதுக்கித் தேர் மாதிரி நிற்கிற கல் மண்டபமும் உள்ள ஊர். கல்லைப் பற்றி இங்கே யாருக்கும் கவலை இல்லை. எங்க வீட்டில் பிரச்சினை மரம்.

ஓட்டு வீட்டை இடிக்கப் போறோம். உள்ளே ஒரு தேக்குக் கட்டில், ஒரு பலாமர அலமாரி, நிலைக்கதவு, உத்தரம். பழைய மரம் வாங்குறவர் வந்து எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே விலை சொன்னார். சித்தப்பா, "குடுத்துட்டு வேலையைப் பாப்போம்"னார். அப்பத்தா வாயே திறக்கலை. அதுதான் எனக்கு உறுத்துச்சு. ஒரு வாரம் டைம் கேட்டேன்.

முதல் கேள்வி: மரம் உயிரோட இருக்கா? ஒரு கூர்மையான ஸ்க்ரூடிரைவரால் கால் அடியிலும் மூட்டுகளிலும் குத்திப் பாருங்க. வைரம் பாய்ந்த தேக்கு லேசில் இறங்க விடாது. கரையான் தின்ன இடம் பிஸ்கட் மாதிரி உள்ளே போகும். சின்னச் சின்ன ஓட்டை இருந்தா உடனே பயப்பட வேண்டாம். கீழே ஒரு கறுப்புத் தாள் விரிச்சு, ரெண்டு வாரம் விட்டுப் பாருங்க. மாவு மாதிரி தூள் புதுசா விழுந்தா பூச்சி இன்னும் உள்ளே வேலை செய்யுதுன்னு அர்த்தம். விழலைன்னா பெரும்பாலும் பழைய காயம்தான்.

ரெண்டாவது கேள்வி: மூட்டு எப்படி? பழைய ஆசாரிகள் ஆணி அடிக்காமல், துளை போட்டுக் கழுந்து இறக்கி, வஜ்ஜிரம் தடவி இணைச்சிருப்பாங்க. வஜ்ஜிரம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். அதனால் ஆடுற கட்டிலைக் கழற்றி, மறுபடி ஒட்டலாம். ஆட்டம் கண்டது வேற, அழிஞ்சது வேற.

மூணாவது, கணக்கு. இதைத்தான் யாரும் போடுறதில்லை. எங்க கட்டிலை அளந்தேன். ரெண்டடி உயரத்தில் 3 அங்குலச் சதுரக் கால் நாலு: அரை கன அடி. ஆறரை அடி நீளச் சட்டம் ரெண்டு, மூன்றரை அடி குறுக்குச் சட்டம் ரெண்டு, எல்லாம் 4-க்கு 2 அங்குலம்: 1.1 கன அடி. மொத்தம் 1.6. இதில் கழுந்துத் துளை, கடைசல், இழைப்பில் போற சீவல் எல்லாம் கழிச்சா கையில் நிற்கிறது இன்னும் குறைவு. கட்டிலா இருந்தா அது கட்டில். பிரிச்சா ஒரு சின்ன ஷெல்ஃபுக்கு வரும். உத்தரம் அப்படி இல்லை. நீளமான, முழுசான கட்டை. அறுத்தா பலகை வரும். அறுக்கும் முன் ஆணிகளை எல்லாம் பிடுங்கணும், இல்லைன்னா ரம்பப் பல் போயிடும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனவங்களுக்குத் தெரியும்: பிரிச்ச செட்டிநாட்டு வீடுகளின் தூணும் கதவும் அங்கே தனித்தனியா நிற்கும். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டையே பிரிச்சுக் கொண்டு வந்து மறுபடி எழுப்பியிருக்காங்க. அதே மரம்தான். எந்தத் துண்டு எங்கே இருந்ததுன்னு தெரிஞ்சு பிரிச்சா அது மறுபடி வீடாகும், இல்லைன்னா சரக்கு.

இப்ப என் தப்பைச் சொல்றேன். போன வருஷம் இங்கிருந்து ஒரு கல்லாப்பெட்டியைச் சென்னைக்குக் கொண்டு போய், மிஷின் வெச்சு உப்புத்தாள் தேய்ச்சேன். பளபளன்னு ஆச்சு. அப்பத்தா மூடியைத் திறந்து பார்த்துட்டு, "இங்க ஒங்க தாத்தா பென்சில்ல நெல்லுக் கணக்கு எழுதியிருந்தாகளே"ன்னு கேட்டாங்க. என்ன பதில் சொல்ல?

அதனால் என் விதி: திரும்பப் பெற முடியாத வேலையைக் கடைசியில் செய்யுங்க. முதலில் போட்டோ, அப்புறம் ஈரத்துணி. பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு, மறைவான இடத்தில் வெச்சுப் பாருங்க. பிசுபிசுத்தா அது அரக்கு பாலிஷ், சுரண்டாமலே புதுப்பிக்கலாம். பழைய பெயின்ட் இருந்தா உலர்வாத் தேய்க்காதீங்க. வீட்டு பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதுக்கு முந்தின பூச்சில் ஈயம் நிறைய இருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளுக்கு ஆபத்து.

எங்க முடிவு? அலமாரியின் அடிப்பாகமும் முதுகும் கரையானுக்குப் போயிடுச்சு. நல்லா இருந்த ரெண்டு கதவுப் பலகை மட்டும் புது வீட்டுச் சமையலறைத் தட்டாகுது. உத்தரத்தை வித்தாச்சு, அந்தக் காசு ஆசாரி கூலிக்கு. நிலைக்கதவு புது வாசலுக்கு. கட்டிலை ஆசாரி கழற்றி ஒட்டிக் கொடுத்தார்.

நேத்து ராத்திரி அப்பத்தா அதில்தான் படுத்தாங்க. காலையில் கேட்டேன், எப்படி இருக்குன்னு. "சத்தம் போட மாட்டேங்குதேப்பா"ன்னாங்க. சந்தோஷமா, குறையான்னு எனக்கு இன்னும் தெரியலை. அடுத்த வாரம் பேசுவோம்.