உள்ளங்கையில் ஓர் எண்ணெய் வண்டி

ஒரு சாண் நீளம்கூட இல்லாத சிறு ரயில் வண்டி. அதன்மேல் படுத்த நிலையில் ஓர் உருளைத் தொட்டி. தொட்டியின் பக்கத்தில் ‘ஷெல்’ என்றோ ‘எஸ்ஸோ’ என்றோ பளிச்சிடும் எழுத்துகள். இத்தகைய மாதிரி வண்டிகளைத் தேடிச் சேர்ப்போர் இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளில் ஏராளம். ‘பொம்மைக்கு இத்தனை மதிப்பா?’ என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பொம்மைக்குள் சிறிது வரலாறும் நிறைய இயற்பியலும் அடங்கியுள்ளன. வாருங்கள், பார்ப்போம்.

பெயர் வந்த விதம்

1865-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டென்ஸ்மோர் சகோதரர்கள், தட்டையான ரயில் வண்டி ஒன்றின்மேல் இரண்டு பெரிய மரத் தொட்டிகளை நிறுத்தி எண்ணெய் அனுப்பினர். நின்ற தொட்டிகளின் புவியீர்ப்பு மையம் உயரத்தில் இருந்தது. வளைவுகளில் அது ஆபத்து. சில ஆண்டுகளிலேயே படுத்த நிலையிலுள்ள இரும்பு உருளைகள் வந்துவிட்டன.

எண்ணெய் கொண்டுசென்ற தொட்டியில் திரும்பி வரும்போது நெல்லையோ நிலக்கரியையோ ஏற்ற முடியாது அல்லவா? எனவே இவ்வண்டிகளை வாங்க ரயில்வே நிறுவனங்கள் தயங்கின. எண்ணெய்க் கம்பெனிகளே சொந்தமாக வைத்துக்கொண்டு, தங்கள் பெயரையும் சின்னத்தையும் தீட்டின. ஓடும் வண்டியே விளம்பரப் பலகை ஆயிற்று.

இங்கிலாந்தில் பிராங்க் ஹார்ன்பி 1920-இல் பொம்மை ரயில்களைச் செய்யத் தொடங்கியபின், இந்த வண்ணத் தொட்டிகளும் அவற்றில் இடம்பெற்றன. இச்சின்னங்கள் பாறையிலுள்ள புதைபடிவங்களைப் போன்றவை, காலத்தைக் காட்டிக்கொடுக்கும். சான்றாக, ஷெல் கம்பெனியின் சிப்பிச் சின்னம் 1971-இல் புது வடிவம் பெற்றது. அவ்வடிவத்தைத் தாங்கிய வண்டியை ‘1950-இல் செய்தது’ என்று எவரேனும் விற்றால், நம்பிவிடாதீர்கள்!

சுருங்கும்போது என்ன ஆகிறது?

மாதிரி ரயில்களில் பெருவழக்காக உள்ள அளவுத்திட்டம் 1:87. அதாவது 14 மீட்டர் நீளமுள்ள வண்டி 16 சென்டிமீட்டராகச் சுருங்கும். அதன் எடையும் 87-இல் ஒரு பங்காகுமா? ஆகாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால், எடை 87 × 87 × 87, அதாவது 6,58,503-இல் ஒரு பங்காகும். எண்ணெய் நிரம்பிய வண்டியின் மொத்த எடை 80 டன் என்று கொண்டால், மாதிரியின் எடை சுமார் 121 கிராம்தான்!

அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் பரிந்துரைக்கும் விதி ஒன்று உண்டு. இந்த அளவு வண்டிக்கு 1 அவுன்ஸ் எடையும், நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் மேலும் அரை அவுன்ஸும் வேண்டும் என்பது அது. நம் வண்டிக்கு அது ஏறத்தாழ 118 கிராம் ஆகிறது. இரண்டு விடைகளும் நெருங்கி வருவதைக் கவனியுங்கள்.

எடையில் ஏன் இத்தனை அக்கறை? மாதிரிப் பாதையின் வளைவு மிகக் கடுமையானது. 36 சென்டிமீட்டர் ஆரமுள்ள மாதிரி வளைவு, உண்மை ரயிலுக்கு வெறும் 31 மீட்டர் ஆர வளைவுக்குச் சமம். அத்தகைய வளைவில், முன்னே எஞ்சினும் பின்னே பளுவான வண்டிகளும் இழுக்க, இடையிலுள்ள எடை குறைந்த வண்டி உட்புறமாகச் சாய்ந்து தடம் புரளும். இழுத்துப் பிடித்த கயிறு நேராக முயல்வது போன்றதே இது. ஆகவேதான் பிளாஸ்டிக் தொட்டிக்குள் சிறிய உலோகத் துண்டைப் பொருத்துகிறார்கள்.

உலோகத்தைத் தின்னும் நோய்

சேகரிப்போரை உண்மையில் கலங்கவைப்பது வேறொன்று. 1930-களில் வார்க்கப்பட்ட சில சக்கரங்கள், பெட்டியை விட்டு எடுக்காமலேயே வீங்கி, வெடித்து, உதிர்ந்துவிடுகின்றன. வண்ணமும் எழுத்தும் புதிதுபோல் இருக்க, தாங்கும் சக்கரம் பொடியாகிவிடும். ஜெர்மானியர் இதைத் ‘துத்தநாகக் கொள்ளை நோய்’ என்பர்.

துத்தநாகக் கலவையை வார்க்கும்போது காரீயம் மிகச் சிறிதளவு கலந்துவிட்டாலும் போதும். அது உலோகப் படிகங்களின் எல்லைகளில் தங்கிவிடுகிறது. காற்றின் ஈரம் அவ்வெல்லைகள் வழியே அரித்துச் செல்கிறது. அரிப்பினால் உண்டாகும் பொருள் கூடுதல் இடத்தை அடைப்பதால் உலோகம் உள்ளிருந்தே பிளக்கிறது. பெயர்தான் கொள்ளை நோய். ஒரு வண்டியிலிருந்து மற்றொன்றுக்கு இது தொற்றாது. ஆனால் மருந்தும் இல்லை. உலர்ந்த, வெப்பநிலை அதிகம் மாறாத இடத்தில் வைத்தால் வேகம் குறையும்; அவ்வளவே. பிற்காலத்தில் தூய துத்தநாகத்தைக் கையாண்டபின் இந்நோய் பெரும்பாலும் ஒழிந்தது.

எனவே பழைய வண்டி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், பளபளக்கும் சின்னத்தை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். அதைத் திருப்பி, சக்கரத்தில் மயிரிழை வெடிப்பு உள்ளதா என்று முதலில் பாருங்கள்.