இழுக்கும் வண்டிக்கு எத்தனை டயர்?

மாருதி ஸ்விஃப்ட், டிசையர் கார்களில் விலை குறைந்த ரகங்களுக்கு வரும் டயர் அளவு 165/80 ஆர்14. அகலம் 165 மி.மீ. பக்கச்சுவர் அதில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. ரிம் 14 அங்குலம். கூட்டினால் புது டயரின் விட்டம் சுமார் 620 மி.மீ., சுற்றளவு 1,946 மி.மீ. ஒரு கிலோமீட்டர் போக 514 சுற்று. புதிதில் 8 மி.மீ. இருந்த பட்டன் 2 மி.மீ. ஆகத் தேய்ந்தால் சுற்றளவில் 38 மி.மீ. போய்விடும், அதே கிலோமீட்டருக்கு 524 சுற்று தேவைப்படும். முன்பக்கம் ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்று மாட்டினால் நேர்ச்சாலையிலும் ஒரு சக்கரம் கிலோமீட்டருக்கு 10 சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும். 10,000 கி.மீ. ஓடினால் ஒரு லட்சம் சுற்று. ரேடியல் டயருக்குள் இருக்கும் எஃகு பெல்ட் சுற்றளவை இறுக்கிப் பிடிப்பதால் நடைமுறையில் இது சற்றுக் குறையும். ஆனாலும் திருப்பத்தில் மட்டும் உழைக்க வேண்டிய டிஃபரன்ஷியலுக்கு நேர்ச்சாலையிலும் ஓய்வு இருக்காது.

"வண்டி ஒரு பக்கமா இழுக்குது" என்று கடைக்குப் போனால் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் பதில் அலைன்மென்ட். அதற்கு ரூ.500 என்று வைத்துக்கொள்வோம். திரையில் எல்லா எண்ணும் பச்சையாக வந்துவிடும், வண்டி அப்படியே இழுக்கும். காரணம் எளிது. அந்த இயந்திரம் சக்கரத்தின் கோணத்தை அளக்கிறதே தவிர டயரின் உள்ளே பார்ப்பதில்லை. பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கிய டயர் லேசான கூம்பு போல உருளும், உருளும்போது குறுகிய பக்கத்துக்குச் சாயும். கோணத்தைத் திருத்தி இதைச் சரிசெய்ய முடியாது.

ஆகவே செலவே இல்லாத சோதனையிலிருந்து தொடங்குவதுதான் முறை. முதலில் காற்று. ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் அட்டவணையில் உள்ள அளவை டயர் சூடேறும் முன் பிடியுங்கள். ஒரு பக்கம் 5, 6 பி.எஸ்.ஐ. குறைந்திருந்தால் வண்டி அந்தப் பக்கம் போகும், அதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. அடுத்து சாலை. தண்ணீர் வடிய நம் தார்ச்சாலைகளுக்கு ஏறக்குறைய 2 முதல் 2.5 சதவீதம் வரை சரிவு கொடுக்கிறார்கள். 3.5 மீட்டர் அகலத் தடத்தில் 2.5 சதவீதம் என்றால் ஓரம் கிட்டத்தட்ட 9 செ.மீ. தாழ்வு. இடப்பக்கம் ஓட்டும் நம் ஊரில் நல்ல வண்டியும் மெல்ல இடப்பக்கம் ஒதுங்கும். சமதளமான இடத்தில் ஓட்டிப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் அது பிரேக் வேலை. டயர் கடைக்குப் போக வேண்டாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் இழுத்தால் முன் சக்கரங்கள் இரண்டையும் இடம் மாற்றி மாட்டுங்கள். ஒரு ஜாக்கி, பக்கத்துக்கு 4 நட்டு. பஞ்சர் கடையில் செய்தாலும் 200 ரூபாய்க்குள் முடியும். இடப்பக்கம் இழுத்த வண்டி இப்போது வலப்பக்கம் இழுத்தாலோ, இழுப்பே நின்றுபோனாலோ குற்றம் டயரில். இழுப்பு மாறவே இல்லையென்றால் அலைன்மென்ட், லோயர் ஆர்ம், ஒட்டிப்பிடிக்கும் பிரேக் என்று பார்க்க வேண்டும். பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயரை மட்டும் இப்படி மாற்றக் கூடாது. 500 ரூபாய் வேலைக்கு முன் இந்த 200 ரூபாய் வேலையைச் செய்தால் பலருக்கு அந்த 500 மிச்சமாகும்.

சக்கரம் கழற்றியிருக்கும்போதே உட்புற ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் நன்றாகத் தெரியும், உள் ஓரம் மட்டும் மொட்டையாக இருக்கும். பள்ளங்களுக்கு நடுவே குறுக்கே ஓடும் சிறு ரப்பர் மேடுகள்தான் தேய்மானக் குறி. பட்டன் அந்த மட்டத்துக்கு வந்தால் எஞ்சியிருப்பது 1.6 மி.மீ. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் காருக்கு அனுமதிக்கும் கடைசி ஆழமும் அதுவே.

இனி வாங்கும் கணக்கு. டயர் ஒன்று ரூ.4,500, மாட்டுக்கூலி, வால்வு, பேலன்ஸிங் சேர்த்துச் சக்கரத்துக்கு ரூ.250, அலைன்மென்ட் ரூ.500 என்று எடுத்துக்கொள்கிறேன். ஊருக்கு ஊர், பிராண்டுக்கு பிராண்ட் மாறும், உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் மாற்றினால் ரூ.5,250. ஒரு ஜோடி ரூ.10,000. நான்கும் மாற்றினால் ரூ.19,500.

முதல் எண்ணைப் பார்த்து ஒன்று போதும் என்று தோன்றும். எதிர்ப்பக்க டயரில் 3 மி.மீ. இருக்கிறது என்று வையுங்கள். 8 மி.மீ. டயரில் 1.6 போக 6.4 மி.மீ. நமக்கு உதவும். அது 40,000 கி.மீ. வந்தால் மி.மீ.க்கு 6,250 கி.மீ. பழைய டயரில் எஞ்சியிருக்கும் 1.4 மி.மீ. 8,750 கி.மீ. ஓடும். பிறகு அதையும் மாற்ற இன்னொரு ரூ.5,250, ஆக மொத்தம் ரூ.10,500. ஜோடியாக வாங்கினால் 1.4 மி.மீ. ரப்பரைக் கைவிடுகிறோம், அதன் மதிப்பு ரூ.984. இரண்டாவது அலைன்மென்ட் மிச்சம் ரூ.500. கூட்டிக் கழித்தால் ஜோடியாக வாங்குகிறவருக்குக் கூடுதல் செலவு ரூ.484. இந்த ரூ.484-ஐச் சேமிப்பதற்காக 8,750 கி.மீ. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்தபடி குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போவதை என்னால் ஏற்க முடியவில்லை. பழைய டயர் வயதில் சிறியதாக இருந்தால் ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம், அப்போது அந்த ரூ.484-கூட வீணில்லை.

ஸ்டெப்னி இன்னொரு வழியும் தரும். டிக்கியில் தேயாமல் கிடக்கும் அதே அளவு, அதே பிராண்ட், அதே பட்டன் வடிவம் கொண்ட டயரோடு புது டயர் ஒன்றைச் சேர்த்தால் ஒன்றின் விலையில் ஜோடி கிடைக்கும். ஆனால் தயாரான தேதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் கடைசி 4 இலக்கம் 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் 10 ஆண்டு ஆன டயரை மாற்றிவிட வேண்டும் என்பது மிச்செலின் நிறுவனத்தின் பரிந்துரை. புது டயர் வாங்கும்போதும் இந்த 4 இலக்கத்தைப் படித்த பிறகே மாட்டச் சொல்லுங்கள்.

இரண்டு புது டயரையும் எங்கே மாட்டுவது? இன்ஜின் முன்சக்கரத்தைச் சுழற்றும் வண்டி என்பதால் முன்னால் என்பார்கள். டயர் நிறுவனங்கள் பின்னால் மாட்டத்தான் சொல்கின்றன. மழையில் முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து வண்டியை நேராக்க வாய்ப்புண்டு. பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும், சமாளிக்க நேரமிருக்காது. பின்னால் ஒரே அளவாகத் தேய்ந்த ஜோடி முன்னே வரட்டும்.

மாட்டிய பிறகு அலைன்மென்ட்டைத் தவிர்க்காதீர்கள். டோ, அதாவது முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு, 3 மி.மீ. பிசகினால் ஒவ்வொரு முன்சக்கரமும் கிலோமீட்டருக்குச் சுமார் 4 மீட்டர் பக்கவாட்டில் உரசும், 10,000 கி.மீ.யில் 40 கி.மீ. உரசல். இதனால் முன் ஜோடி 40,000-க்குப் பதில் 20,000 கி.மீ.யிலேயே தேய்ந்துபோனால் 10,000 கி.மீ.க்கு ரூ.2,250 கூடுதல் செலவு. அலைன்மென்ட்டுக்கு ரூ.500.

2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. இன்று வரியோடு ரூ.4,500 ஆகும் டயர் பழைய வரியில் ரூ.4,881. நான்குக்கு ரூ.1,525 வித்தியாசம். பில்லில் வரி விகிதத்தோடு டயரின் வரிசை எண்ணையும் எழுதி வாங்குங்கள். புது டயரே இழுத்தால் உற்பத்திக் குறை என்று வாரண்டி கேட்க அந்த எண் வேண்டும்.